ஒரே கைபேசியில் ஒரு வகுப்பு எடுக்கும் படம்: தொடக்கப் பள்ளியில் ஸ்டாப் மோஷன் செயல்திட்டம்

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் அமரும் ஈராசிரியர் பள்ளியில் 24 பிள்ளைகளையும் என் கைபேசி ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை 34 விநாடி ஓடும் அசைவூட்டப் படமாக எடுத்து வருகிறோம். முதல் ஆண்டு எடுத்த படத்தில் பாதிக்கு மேல் ஆட்டம். வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். இலையின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தத் தவறுகளிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து, இதே வேலையைத் தங்கள் வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காக முறையாக எழுதுகிறேன்.

ஒரு பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மறுபடி சிறிது நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து, எடுத்த படங்களை வேகமாக ஓடவிட்டால் அந்தப் பொருள் தானே நகர்வதுபோலத் தோன்றும். இதுவே ஸ்டாப் மோஷன். வகுப்பறையில் பயன்படுத்தக்கூடிய படைப்புக் கருவிகள் எத்தனையோ இருக்க, இதை நான் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே காரணம் உண்டு. வரைபடச் செயலியையோ விளக்கப்பட மென்பொருளையோ எடுத்துக்கொண்டால், ஒரு பிள்ளை கருவியைப் பிடித்திருக்கும்போது மற்ற 23 பேரும் அதன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டாப் மோஷனில் கைபேசியின் வேலை ஒரு தொடுதலோடு முடிந்துவிடுகிறது. வெட்டுவது, ஒட்டுவது, நகர்த்துவது, எண்ணுவது, விவாதிப்பது எல்லாம் கைபேசிக்கு வெளியே, பிள்ளைகளின் கைகளிலேயே நடக்கின்றன. கருவி ஒன்றே ஒன்று இருக்கும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் இதுவரை காணவில்லை.

கருவியைத் தொடாத வாரங்கள்

படப்பிடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பே செயல்திட்டம் தொடங்கிவிட வேண்டும். மழைக்குப் பின் கறிவேப்பிலைச் செடி துளிர்விடும் நாட்கள் இதற்கு ஏற்றவை. பள்ளி வளாகத்திலோ அருகிலுள்ள வீட்டிலோ கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். கொழுந்து இலைகளைத் தேடிப் பார்த்தால், கடுகளவில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உருண்டையான முட்டைகள் தனித்தனியாக ஒட்டியிருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் தின்பது தன் முட்டையோட்டைத்தான். சிறு வயதில் பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம்போலத் தோன்றும் அந்தப் புழு, தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து, கடைசி நிலையில் பச்சையாகிவிடும். உடம்பில் கம்பளி போன்ற மயிர் இல்லாததால் இதைக் கம்பளிப்பூச்சி என்று சொல்லிக்கொடுக்காமல் புழு என்றே சொல்வது நல்லது.

புழுவைச் செடியிலேயே விட்டு அன்றாடம் போய்ப் பார்ப்பது சிறந்தது. பறவையும் எறும்பும் கொண்டுபோய்விடும் என்ற அச்சம் இருந்தால், சிறு கிளையோடு வெட்டி, தண்ணீர் நிறைந்த புட்டியில் செருகி, புழு நீரில் விழாதபடி புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே கொசுவலைத் துணியைப் போர்த்தி வகுப்பில் வைக்கலாம். ஆனால் இலை தீர்ந்துவிட்டதே என்று கடைக் கறிவேப்பிலையை மட்டும் போட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அப்படித்தான் போட்டேன். திங்கட்கிழமை காலையில் புழு சுருண்டு கிடந்தது. மருந்து அடித்த இலையாக இருந்திருக்க வேண்டும். அன்று பிள்ளைகளிடம் பதில் சொல்ல நான் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் ஒரு சிறிய படமும் ஒரு வரியும் எழுதும் உற்றுநோக்கல் ஏடு இந்தச் செயல்திட்டத்தின் அடித்தளமாகும். அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துப் புழுவின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். மெல்லிய குச்சியால் தலைப்பக்கத்தை மெதுவாகத் தொட்டால், பாம்பின் பிளவுபட்ட நாக்குபோல ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி வாடை வீசும். இதை ஒரு முறை பார்த்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது. கூட்டுப்புழு ஆனதும், பனையேறி இடுப்பில் கட்டும் கயிறுபோல, மெல்லிய பட்டிழை ஒன்று அதன் நடுவுடம்பைக் கிளையோடு கட்டி நிறுத்தியிருப்பதையும் காட்டுங்கள். முட்டையிலிருந்து பூச்சி வெளிவரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகலாம். வெப்பமான நாட்களில் அது குறையும்.

காத்திருக்கும் இந்த நாட்களில் அசைவூட்டத்தின் அடிப்படையைத் தாளைக் கொண்டே கற்பித்துவிடலாம். வட்ட அட்டையின் ஒரு பக்கத்தில் கூண்டையும் மறுபக்கத்தில் கிளியையும் தலைகீழாக வரைந்து, இரு ஓரங்களிலும் நூல் கட்டி முறுக்கி இழுத்தால், கிளி கூண்டுக்குள் இருப்பதுபோலத் தெரியும். 1825 வாக்கில் லண்டனில் விற்பனைக்கு வந்த விளையாட்டுப் பொருள் இது. அடுத்ததாக, பழைய குறிப்பேட்டின் கடைசி 20 தாள்களின் மூலையில் ஒரு பந்தைத் தாளுக்குத் தாள் சிறிது உயர்த்தி வரைந்து, கட்டைவிரலால் விர்ரென்று புரட்டச் சொல்லுங்கள். படத்துக்குப் படம் இடைவெளி கூடினால் பந்து வேகமாகப் போகிறது, குறைந்தால் மெதுவாகப் போகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த ஒரு விதி புரிந்துவிட்டால் படப்பிடிப்பில் பாதி வேலை முடிந்ததுபோல.

கதையைப் பெட்டிகளாக்கிக் கணக்குப் போடுதல்

திரையரங்கில் ஓடும் படத்தில் விநாடிக்கு 24 படங்கள் இருக்கும். தொடக்கப் பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை. விநாடிக்கு 5 போதும். அசைவு சற்றுத் துள்ளலாகத் தெரியும் என்றாலும், காகிதப் புழுவுக்கு அந்தத் துள்ளலே ஓர் அழகு. விநாடிக்கு 12 எடுக்கத் துணிந்த ஆண்டில், மூன்றாவது நாளிலேயே பிள்ளைகளுக்கும் எனக்கும் சலிப்புத் தட்டிவிட்டது.

24 பேரை நால்வர் கொண்ட 6 குழுக்களாகப் பிரித்து, முட்டை, எச்சம்போன்ற சிறு புழு, இலை தின்னும் பச்சைப் புழு, கூட்டுப்புழு, பூச்சி வெளிவருதல், பறந்துபோதல் என்று குழுவுக்கு ஒரு காட்சி கொடுக்கிறேன். ஒரு காட்சிக்கு 5 விநாடி. அப்படியானால் ஒரு குழு எத்தனை படம் எடுக்க வேண்டும், வகுப்பு முழுவதும் எத்தனை என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். 5 பெருக்கல் 5, 25. ஆறு குழுவுக்கு 150. தலைப்பு அட்டைக்கு 2 விநாடி, பெயர் அட்டைக்கு 2 விநாடி சேர்த்தால் இன்னும் 20 படங்கள். ஆக 170 படங்கள், 34 விநாடி. பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளை, தன் காட்சிக்கு இன்னும் 7 படம் பாக்கி என்பதை விரலை மடக்காமல் சொல்வதைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனி.

பின்னர் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் ஐந்து பெட்டிகள் வரைந்து, விநாடிக்கு ஒரு பெட்டியாக, காட்சியில் என்ன நடக்கும் என்பதைக் கோட்டோவியமாக வரைகிறது. பெட்டிக்குக் கீழே 5 சிறு வட்டங்கள். படப்பிடிப்பின்போது ஒரு படம் எடுக்க எடுக்க ஒரு வட்டம் நிரப்பப்படும். இந்தத் தாள் இல்லாமல் கேமரா முன்னால் யாரையும் அமரவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். திட்டமில்லாத குழு முதல் பத்துப் படங்களில் காட்சியை முடித்துவிட்டு, மீதிப் பதினைந்தில் புழுவை நடனமாட வைக்கும்.

உருவங்களைச் செய்தல்

களிமண் உருவம் நிமிர்ந்து நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரிந்து விழும், விரல் தடம் பதியும், உலர்ந்து வெடிக்கும். முதல் முயற்சிக்கு வண்ணத்தாளில் வெட்டிய தட்டையான உருவங்களே நல்லவை. தரையில் படுக்கவைத்து மேலிருந்து படம் எடுப்பதால் எதுவும் விழாது. உருவங்கள் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். சிறியதாக வெட்டினால் நகர்த்தும் விரலே உருவத்தை மறைத்துவிடும்.

புழுவை ஒரே துண்டாக வெட்டாமல், தலை ஒன்றும் உடல் வட்டங்கள் ஐந்துமாகத் தனித்தனியே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அடுக்க வேண்டும். இப்படிச் செய்தபோதுதான் எதிர்பாராத கேள்வி ஒன்று எழுந்தது. புழு நகரும்போது முதலில் நகர்வது தலையா வாலா என்று மூன்றாம் குழுவில் இருவருக்குள் வழக்கு. தலைதான் முன்னால் போகும் என்று ஒருத்தி வட்டங்களை இழுக்க, இன்னொருவன், "இல்ல டீச்சர், பின்னாடி இருந்துதான் தள்ளிக்கிட்டு வரும்" என்று மறிக்க, நால்வரும் வெளியே ஓடிச் செடியருகே குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். வால்பக்கம் முதலில் எழும்பி முன்னே ஊன்ற, அந்த அலை உடம்பு வழியே தலைவரை போவதைப் பார்த்துவிட்டு வந்து, கடைசி வட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார்கள். ஒரு மாதம் ஏட்டில் புழுவை வரைந்தவர்களுக்குத் தோன்றாத இந்தக் கேள்வி, அதை அசைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது தோன்றிவிட்டது.

மற்ற காட்சிகளுக்கான உத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலை தின்னும் காட்சிக்குக் காகித இலையைப் படத்துக்குப் படம் கத்தரியால் நகக்கண் அளவு கடித்துக்கொண்டே வரலாம். வெட்டிய இலையை மறுபடி ஒட்ட முடியாது என்பதால், ஒரே மாதிரி இரண்டு இலைகள் தயாராக இருக்கட்டும். பூச்சி வெளிவரும் காட்சிக்குச் சுருங்கிய சிறகு, பாதி விரிந்த சிறகு, முழுச் சிறகு என்று மூன்று இணைகள் வேண்டும். பறப்பதற்கு விரிந்த சிறகும் பாதி மடிந்த சிறகும் மாறி மாறி வைத்தால் போதும். கருநிறச் சிறகில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும் பின்சிறகின் உட்கோடியில் செம்புள்ளியும் எங்கே வருகின்றன என்பதை ஏட்டைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைத்தான் வரைவேன் என்று யாராவது அடம்பிடிக்கக்கூடும். அது ஆரஞ்சு நிறம் கொண்ட வேறொரு வகை என்பதைச் சொல்லி, கண்ணால் கண்டதையே வரையச் செய்வது நல்லது.

தலைப்பையும் பெயர்களையும் கைபேசியில் தட்டச்சு செய்ய வேண்டாம். பிள்ளைகள் சிலேட்டிலோ அட்டையிலோ தம் கையால் எழுதியதைப் படம் பிடித்தால் எழுத்துரு உடையும் தொல்லையும் இல்லை, எந்தப் பிள்ளை எழுதியது என்பதைப் பெற்றோர் கண்டுகொள்ளும் இன்பமும் கூடும்.

கைபேசியை நிறுத்துதல்

படம் ஆடுவதற்குக் கைபேசி அசைவதே பெரும்பாலும் காரணம். இதற்கு முக்காலி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வகுப்பில் உள்ள மர ஸ்டூல் ஒன்றின் விளிம்பில், திரை மேல்நோக்கியும் பின்புறக் கேமரா விளிம்புக்கு வெளியே தரையை நோக்கியும் இருக்கும்படி கைபேசியைப் படுக்கவைத்து, ஸ்டூலின் மேலுள்ள பகுதியில் தடித்த புத்தகம் ஒன்றைத் திரையை மறைக்காதவாறு பாரமாக வைத்துவிட்டால் போதும். ஸ்டூலின் நான்கு கால்களைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். யாராவது இடித்துவிட்டாலும் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். கீழே ஒரே நிற அட்டைத்தாளை நான்கு மூலைகளிலும் ஒட்டி, கேமராவுக்குத் தெரியும் எல்லையைப் பென்சிலால் மெலிதாகக் குறித்துவையுங்கள். அந்த எல்லைக்குள் படம் எடுக்கும் நொடியில் கை இருக்கக் கூடாது.

இடத்தைப் பொறுத்தவரை, நேரடி வெயில் விழாத வராந்தா அறையைவிட மேலானது. அறைக்குள் குழல்விளக்கை நம்பினால் மின்சாரம் போகும்போது காட்சியும் போய்விடும். மின்விசிறியைப் போட்டால் சிறகுகள் பறக்கும், நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். வராந்தாவிலும் காற்று உண்டு என்பதால் ஒவ்வொரு துண்டின் அடியிலும் மிளகளவு களிமண் உருண்டையை ஒட்டிவிட்டால் நகர்த்தவும் முடியும், பறக்கவும் செய்யாது.

ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலியின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதுமானது. அதில் முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் வசதி உண்டு. எவ்வளவு நகர்த்தியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் இதைப் பார்த்தே அறிவார்கள். வேகத்தை விநாடிக்கு 5 என்று வைத்துவிட்டு, கேமரா அமைப்பில் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால், கறுப்புச் சிறகு உள்ளே வரும்போதெல்லாம் கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டி, படம் மினுங்கத் தொடங்கும். பூட்டிய பிறகும் மேகம் சூரியனை மறைத்தால் படம் இருளத்தான் செய்யும். அப்போது காத்திருப்பதைத் தவிர வழியில்லை. குழு அந்த நேரத்தில் அடுத்த நகர்வைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும்.

மறக்கக் கூடாத இன்னொன்று, கைபேசியை விமானப் பயன்முறையில் வைப்பது. ஐந்தாம் குழு 18 படங்கள் எடுத்திருந்தபோது எனக்கு வந்த ஓர் அழைப்பில் கைபேசி அதிர்ந்து விளிம்பிலிருந்து நழுவி, நேராக வண்ணத்துப்பூச்சியின்மேல் விழுந்தது. கைபேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோணம் மாறிவிட்டதால் அந்த 18 படங்களையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

படப்பிடிப்பு

நாளொன்றுக்கு இரண்டு குழுக்கள் வீதம் மூன்று நாட்களில் முடித்துவிடலாம். ஒரு குழுவுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். படம் எடுக்கும் குழு வராந்தாவில் இருக்கும்போது மற்றவர்களுக்கு அமர்ந்து செய்யும் வேலை இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அவர்கள் தத்தம் காட்சிக்கான வசனத்தை எழுதுவார்கள்.

குழுவில் நால்வருக்கும் தனித்தனிப் பொறுப்பு. ஒருவர் உருவத்தை நகர்த்துவார். ஒருவர் கைபேசித் திரையைத் தொட்டுப் படம் எடுப்பார். ஒருவர் பெட்டித் தாளில் வட்டத்தை நிரப்பி எண்ணிக்கையை உரக்கச் சொல்வார். நான்காமவர் எல்லைக்குள் கையோ நிழலோ தலைமுடியோ இருக்கிறதா என்று பார்த்து, "விலகு" என்றோ "எடு" என்றோ சொல்வார். அவர் "எடு" என்று சொல்லாமல் யாரும் திரையைத் தொடக் கூடாது. ஐந்து படங்களுக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு ஒரு முறை, பொறுப்புகள் சுற்றில் மாறும். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையை முதல் சுற்றில் நான்காம் பொறுப்பில் அமர்த்திப் பாருங்கள். அது "விலகு" என்று சொன்னதும் மற்ற மூவரும் பின்வாங்குவது அதற்கே வியப்பாக இருக்கும்.

நகர்வின் அளவுக்கு ஒரு விரற்கடை என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். மெதுவான அசைவுக்கு அரை விரற்கடை, பறப்பதற்கு இரண்டு. எதுவும் அசையாத நேரமும் வேண்டும் என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். கூட்டுப்புழுக் காட்சியில் முதல் 10 படங்கள் அசைவே இல்லாமல் இருந்தால்தான், பதினொன்றாம் படத்தில் அது சற்றே நெளியும்போது பார்ப்பவர் திடுக்கிடுவார். ஒரே படத்தைப் பத்து முறை எடுப்பது வீண் வேலை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஓடவிட்டுக் காட்டிய பிறகு முணுமுணுப்பு அடங்கிவிடும்.

விநாடிக்கு ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்க அனுமதியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். திரையைத் தொடும்போது விரல் நுனியால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். குத்தினால் கைபேசி அசையும். குறிப்பிட்ட இடைவெளியில் செயலியே தானாகப் படம் எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அந்த அவசரம் சிறு பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

குரலும் ஒலியும்

ஐந்து விநாடியில் எட்டு அல்லது ஒன்பது சொற்களைத்தான் நிதானமாகச் சொல்ல முடியும். இந்த நெருக்கடி மொழிப்பாடத்துக்குக் கிடைத்த வரம். முதலில் பாடநூல் வரிகளையே எழுதிக்கொண்டு வருவார்கள், அவை நீளும். படித்துப் பார்த்து, நேரம் பார்த்து, வெட்டி வெட்டிச் சுருக்கும்போது சொந்த வாக்கியம் பிறக்கும். "முட்டையை விட்டு வந்த புழு முதலில் தின்றது முட்டை ஓட்டைத்தான்" என்று முதல் குழு முடித்தது. இரண்டாம் குழு, "மொதல்ல இத காக்கா எச்சம்னுதான் நெனச்சோம்" என்று எழுதிக்கொண்டு வந்து, திருத்தச் சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தது. நான் திருத்தவில்லை. ஏட்டில் எழுத்துநடையும் குரலில் பேச்சுநடையும் இருப்பது இயல்பு என்றே கருதுகிறேன்.

ஒலிப்பதிவுக்கு மின்விசிறி இல்லாத சிறிய அறை வேண்டும். சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கிய அறை எங்களுக்கு அருமையாக அமைந்தது, மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுக்காற்று மோதும் ஓசை வராது. இலை கடிக்கும் ஓசைக்குக் காய்ந்த சருகை நொறுக்கினார்கள். சிறகடிப்புக்குக் குறிப்பேட்டின் தாள்களை விசிறினார்கள். இணையத்திலிருந்து திரைப்பட இசையை எடுத்துப் பின்னணியில் போடும் ஆசை பலருக்கு வரும். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறமிருக்க, பிள்ளைகளின் குரல் அதில் அமுங்கிவிடும் என்பதாலேயே அதைத் தவிர்க்கலாம். படங்களை வரிசைப்படுத்துவதும் குரலைச் சேர்ப்பதும் செயலியிலேயே முடியும். இந்தக் கடைசி வேலையைக் குழுவுக்கு ஒருவராக ஆறு பேரை அருகில் அமர்த்திக்கொண்டு ஆசிரியரே செய்வது காலத்தை மிச்சப்படுத்தும்.

பெற்றோரின் ஒப்புதல்

இந்தப் படத்தில் பிள்ளைகளின் முகம் எங்கும் வராது என்பது இதன் பெரிய வசதி. என்றாலும் குரல் இருக்கிறது, பெயர் அட்டை இருக்கிறது. 2023இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. எனவே செயல்திட்டம் தொடங்கும்போதே ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் அனுப்பி, படம் எங்கே காட்டப்படும், யாரிடம் இருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது. பெயர் அட்டையில் முழுப்பெயர், ஊர், பள்ளி மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டாம். படப்பிடிப்பை வேடிக்கையாக நிழற்படம் எடுத்து வாட்ஸ்ஆப் நிலைத்தகவலில் போடும் பழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். கைகளைப் படமெடுங்கள், முகங்களை வேண்டாம்.

மதிப்பெண் எதற்கு

பாடம் நடக்கும்போதே கற்றலை அளவிடும் வளரறி மதிப்பீட்டுக்கு இந்தச் செயல்திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படம் எவ்வளவு அழகாக வந்தது என்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. உற்றுநோக்கல் ஏடு நாள் தவறாமல் எழுதப்பட்டிருக்கிறதா, பெட்டித் தாளில் உள்ள திட்டத்துக்கும் எடுத்த படத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, தன் குழு எடுக்காத ஒரு காட்சியைப் பற்றிக் கேட்டால் பிள்ளை விளக்குகிறதா என்ற மூன்றையும்தான் பார்க்கிறேன். கடைசிக் கேள்வி முக்கியமானது. பறத்தல் காட்சியை எடுத்த குழுவுக்கு முட்டையைப் பற்றி எதுவும் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. அதற்காகவே படப்பிடிப்புக்கு முந்தைய நாள் குழுக்கள் பெட்டித் தாள்களை மாற்றிக்கொண்டு படித்துக் காட்டும்படி செய்கிறேன்.

கையடக்கக் கணினி கிடைத்தால்

ஒன்றிரண்டு கையடக்கக் கணினிகள் இருக்கும் பள்ளிகளில், இதே பொருளை ஸ்கிராட்ச் ஜூனியர் கொண்டும் தொடரலாம். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் வெளிவந்த இந்த இலவசச் செயலியில் பாத்திரங்களை அசைய வைக்கும் கட்டளைகள் எல்லாம் படக்கட்டைகளாக இருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம். நிறுவிய பிறகு இணைய இணைப்பும் தேவையில்லை. ஒரு திட்டத்தில் நான்கு பக்கங்கள்வரை வைக்கலாம் என்பது நமக்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. அதன் வரைகருவியில் உள்ள கேமராவைக் கொண்டு, அண்ணன்களும் அக்காக்களும் வெட்டிய காகிதப் புழுவையே பாத்திரமாக உள்ளே கொண்டுவரலாம். பச்சைக்கொடியைத் தொட்டதும் புழு நகர வேண்டும், சிறிது நின்று அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற அளவில் முதல் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் கட்டையில் உள்ள எண் விநாடியின் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கிறது. 10 என்றால் ஒரு விநாடி. இதைச் சொல்லாவிட்டால் கூட்டுப்புழு கண்சிமிட்டும் நேரத்தில் பூச்சியாகிவிடும்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கக் கருவி இருக்கிறது. அதைத் தொடங்க நடுநிலைப் பள்ளிவரை காத்திருப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

திரையிடும் நாள்

திறன் வகுப்பறைத் திரை இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் கைபேசியைப் படவீழ்த்தியோடு இணைத்து வெள்ளை வேட்டியிலும் திரையிடலாம். 34 விநாடிதான் என்பதால் குறைந்தது மூன்று முறை போட வேண்டியிருக்கும். முதல் முறை எல்லோரும் தங்கள் காட்சியை மட்டுமே பார்ப்பார்கள். படத்தோடு ஏடுகளையும் மேசையில் பரப்பிவையுங்கள், பெற்றோர் புரட்டிப் பார்ப்பார்கள்.

சென்ற ஆண்டு கூட்டுப்புழு ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறுசிறு குளவி போன்ற பூச்சிகள் துளையிட்டு வெளிவந்தன. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதையே உண்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை. நான்காம் குழு அதைத்தான் காட்டுவோம் என்று பிடிவாதம் பிடித்தது. ஐந்தாம் குழு, பிறகு எங்கள் பூச்சி எங்கிருந்து வரும் என்று சண்டைக்கு வந்தது. முடிவில் இரண்டு கூட்டுப்புழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து குளவிகளும் மற்றொன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சியும் வெளிவரும்படி காட்சியை மாற்றிக்கொண்டார்கள். கூடுதலாக 10 படங்கள் ஆயின. படம் 36 விநாடியாக நீண்டது.

திரையிட்டு முடிந்ததும் கோப்பைக் கணினியிலும் பென்டிரைவிலும் படியெடுத்துவிட்டுக் கைபேசியிலிருந்து நீக்கிவிடலாம். உருவங்களை மட்டும் எறிய வேண்டாம். காட்சிவாரியாகப் பழைய உறைகளில் போட்டு, மேலே குழுவின் பெயரை எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே வந்து, அந்தப் பச்சைப் புழு அடுத்த ஆண்டு யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.